வடிக்காத கீரை

வடிக்காம என்றுதான் சொன்னாள். நேற்றுச் சாயங்காலம் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டே, எதிர்ச் சுவரிடம் பேசுகிற மாதிரி, "நாளைக்கு முருங்கக்கீர தண்ணிச்சாறு வைப்பமா, வடிக்காம" என்றாள் உலகம்மாள். ஆறுமுகநயினார் தலையாட்டிவிட்டார். கல்யாணமான இருபத்தேழு வருஷமாக அவள் கேட்டதற்கெல்லாம் ஆட்டிப் பழகிய தலை, அதுவாகவே ஆடிவிட்டது. இப்போது காலை எட்டரை மணிக்கு, சுளகை முன்னால் போட்டு அடுக்களைத் தரையில் கீரை உருவ உட்கார்ந்தபோதுதான் அந்தச் சொல் அவருக்கு உறைத்தது. வடிக்காம. ஆறு வருஷமாக இந்த வீட்டில் கீரை என்றாலே வடிப்பதுதான். அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, கீரையிலும் காயிலும் இருக்கிற பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் ரத்தத்திலேயே தங்கி நெஞ்சை நிறுத்திவிடும் என்று மதுரை டாக்டர் சொன்னார். அதனால் பொடியாக நறுக்கி, வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டி, மிஞ்சுகிற சக்கையில் இரண்டு கரண்டி. அந்த வேலையை நயினார்தான் செய்தார், ஏனென்றால் டயாலிசிஸ் முடிந்து திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்து விழுகிறவளுக்குக் கரண்டி பிடிக்கவும் கையில் தெம்பு இருக்காது. அந்தப் பச்சை நிறத் தண்ணீரைப் பின்வாசல் சாக்கடையில் ஊற்றுவார். கீரையின் உயிரெல்லாம் அந்தத் தண்ணீரில் இருந்திருக்க வேண்டும், சாக்கடை ஓரத்துக் குப்பைமேனி முழங்கால் உயரத்துக்குத் தழைத்து நின்றது. குப்பைமேனிக்குக் கொடுத்துவைத்தது தன் பெண்டாட்டிக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று அதை இரண்டு தரம் வேரோடு பிடுங்கிப் போட்டிருக்கிறார். இன்றைக்கு வடிக்கப்போவதில்லை. கொப்பை இடது கையில் பிடித்து, வலது கை விரலால் ஈர்க்கை நுனியிலிருந்து அடிக்கு ஒரே இழுப்பு இழுத்தால் இலை முழுவதும் சுளகில் கொட்டுகிறது. நகத்தளவு இலைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக முடித்து வைத்த வேலை. மாசியில் அடுத்த வீட்டு மரகதத்தக்காவின் மரம் விறகு மாதிரி நின்றது. இந்த வருஷம் பட்டுப்போயிற்று என்றுதான் அவளும் சொன்னாள். பங்குனி பிறந்து பத்து நாள் ஆகவில்லை, மதிலுக்கு மேலே இவ்வளவு பச்சை எங்கிருந்து வந்தது, யார் போய் அந்த மரத்திடம் சொன்னார்கள். நயினார் ஒரு இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நரம்பு தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டது, எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

நயினாருக்குத் தொழில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்ப்பது. தென்காசியில் முப்பது வருஷக் கடை. ஒரு மிக்ஸியில், மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மேச்சர் எரிந்துபோனால் இன்னொரு கம்பெனி ஆர்மேச்சரை அதில் உட்காரவைக்க முடியாது, அரை நூல் வித்தியாசம் இருந்தாலும் புகைந்துவிடும் என்பது அவருக்குக் கைப்பாடம். அப்படிப்பட்டவரிடம்தான், உங்க இடது சிறுநீரகத்தை எடுத்து அவங்க வயித்துல வைக்கலாம், பொருந்துது என்று டாக்டர் சொன்னார். இவர் ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு, அவள் இவர் தோளுக்கு வருவாள். இவருக்கு உறைப்பு, அவளுக்குப் புளிப்பு. ஜாதகத்திலேயே பத்துக்கு நாலு பொருத்தத்துக்கு மேல் தேறவில்லை என்று கல்யாணத்தின்போது பெரிய பேச்சு. எந்த நம்பிக்கையில் பொருந்துகிறது என்கிறார் இந்த மனுஷர். கடைக்கு வருகிறவர்கள் ஸ்பேர் பார்ட்ஸ் அண்ணாச்சி என்று கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஐப்பசியில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது, அவள் கட்டிலுக்குக் கீழே ஒரு பை தொங்கியது. அதில் இளம் தேத்தண்ணீர் நிறத்தில் முக்கால் பை நிறைந்திருந்தது. இரண்டரை வருஷமாக ஒரு சொட்டு சிறுநீர் கழிக்காத உடம்பு அது. பூமியில் எல்லாரும் வெட்கப்பட்டு மறைவில் போய்ச் செய்கிற காரியத்துக்காக அவள் ஏங்கிக் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக்கூடாது, நாக்கு வறண்டு ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு கிடந்தாள். நயினார் அந்தப் பையைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா சிரித்துவிட்டு, பிறகு அவளும் கண்ணாடி வழியாக அந்தப் பையைப் பார்த்தாள். இவர் உடம்பில் ஐம்பது வருஷம் கிடந்த ஒன்று, இடம் மாறி, ஆள் மாறி, யார் வீடு என்று கேட்காமல், சுவிட்ச் போடாமல், போன அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் நயினாருக்குக் கையில் முடி சிலிர்க்கிறது. பழுத்த இலையைத் தனியே ஒதுக்கினார். கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும், மஞ்சள்தூள் போட்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். அவளுக்கு எதுவும் ஒட்டிக்கொள்ளக்கூடாது. அந்தச் சிறுநீரகத்தை அந்நியம் என்று உடம்பு விரட்டிவிடாமல் இருக்க அவள் சாப்பிடுகிற மாத்திரை, வேறு எதையும் விரட்டுகிற பலத்தையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது. விரட்டிவிடாமல். அந்த இடத்துக்கு வந்ததும் நயினாரின் விரல் நின்றது. ஒவ்வொரு தரமும் யோசனை எங்கே புறப்பட்டாலும் இந்தத் தெருவுக்குத்தான் வந்து சேர்கிறது. போன வாரம் ரத்தம் பார்த்தபோது, சிறுநீரகம் தளர்ந்தால் ஏறுகிற கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஏழு. அதுவரை பதினேழு மாதமாக ஒன்று புள்ளி இரண்டைத் தாண்டியதில்லை. பொட்டாசியம் சரியாத்தான் இருக்கு, இனிமே வடிக்காமலே கீரை காய் அளவாச் சாப்பிடலாம், பயப்பட வேண்டாம், மாத்திரை கொஞ்சம் கூடிப்போயிருக்கும், குறைச்சிட்டு ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க, அப்பவும் இறங்கலைன்னா மதுரைக்கு வாங்க, ஊசியால சதை எடுத்துப் பாக்கணும் என்றார் டாக்டர் போனில். இன்று காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாயிற்று. பதினொரு மணிக்குப் போன் பண்ணுகிறேன் என்றிருக்கிறாள் லேபில் இருக்கிற பெண். மணி ஒன்பதேகால்.

ஒன்று புள்ளி ஏழுக்கு யார் காரணம் என்று டாக்டருக்குத் தெரியாமல் இருக்கலாம். நயினாருக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று ஒரு வாரமாக அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அது வேறு ஒருவருக்கும் தெரியாத கதை. உலகம்மாள் கீரைப் பைத்தியம். நோய் வருவதற்கு முன்பெல்லாம் பங்குனி வந்தால் அவளுக்கு ஒரு வேகம் வந்துவிடும். புதுசாத் துளுத்தத ஒரு மண்டலம் தின்னா உடம்பு அலசிவிட்ட மாதிரி ஆயிரும் என்பாள். முருங்கைக் கொழுந்து, புளியங்கொழுந்துத் துவையல், கோவைப் பிஞ்சு, வெள்ளரிப் பிஞ்சு, சுண்டைக்காய், மாவடு, நுங்கு என்று வரிசையாகச் சமைப்பாள், மைல் கணக்கில் நடந்து பறித்தும் வருவாள். சித்திரை முடிகிறபோது முகத்தில் ஒரு தெளிவு தெரியத்தான் செய்யும். நயினாருக்கோ கீரை ஆகாது. சின்ன வயதிலிருந்தே அந்த வாசனை அடித்தால் வயிறு புரட்டும், அவளுக்கு வடித்துக் கொடுத்ததும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான், ஒரு இலை வாயில் போட்டதில்லை. சிறுநீரகம் பொருந்துகிறது, ஆடியில் ஆபரேஷன் என்று முடிவான பிறகு, இரண்டு வருஷத்துக்கு முந்தின மாசி மாதம் கடையில் ஒரு கிரைண்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு இருந்தபோது அவருக்கு அந்த யோசனை வந்தது. இந்தச் சிறுநீரகம் இன்றுவரை கீரையைக் கண்டதில்லை. போகப்போகிற இடமோ கீரை தின்கிற வீடு. புது இடத்தில் போய், இது என்ன என்று மிரண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும். போவதற்கு முன்னால் அந்த வீட்டுச் சாப்பாட்டைப் பழக்கி அனுப்புவதுதானே முறை. பிள்ளை இல்லாத வீடு. ஒரு பெண் இருந்து கட்டிக்கொடுத்திருந்தால் இந்தப் புத்தி அங்கே செலவாகியிருக்கும். மறுநாளே எதிரில் இருக்கிற மெஸ்ஸில் போய் மத்தியானம் கீரை கேட்டார். பரிமாறுகிற ஆள் வாளியோடு அப்படியே நின்றான். "அண்ணாச்சி, நீங்க கீர வாளி வந்தாலே எலைய மறைப்பியளே?" என்றான். "போடுடே" என்றார். மூக்கை அடைத்துக்கொண்டு முழுங்கினார். நாலு நாள் குமட்டியது. பிறகு பழகிவிட்டது. இரண்டு வேளையும் சாப்பிட்டார், பசலையும் தண்டங்கீரையும்தான் அங்கே தினமும் கிடைத்தது, கிண்ணம் கிண்ணமாக வாங்கிச் சாப்பிட்டார். பங்குனியில் வெள்ளரிப் பிஞ்சும் நுங்கும். படுக்கும்போது இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, போற எடத்துல இதான் சாப்பாடு, அவ சங்கடப்படுத மாதிரி நடந்துக்கிடாத என்று மனசுக்குள் சொல்லுவார். அவருக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனியில் கடைசி ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தில் ஒரு சின்னக் கல், நாலு மில்லிமீட்டர். முந்தி இல்லியே என்று டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீரை நிறைய சாப்பிடுவீங்களா? பசலை, தண்டுக்கீரை மாதிரி?" என்று கேட்டார். நயினார் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உலகம்மாள், "இவுகளா சார், கீரன்னா தல தெறிக்க ஓடுவாக" என்றாள். "ஆமா சார்" என்றார் நயினார். கல் கரைந்து வெளியேறி, மறுபடி எல்லாம் பார்த்து முடிய ஐப்பசி ஆகிவிட்டது. மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் வாரத்துக்கு மூன்று நாள் அவளை அதே பஸ்ஸில் ஏற்றி இறக்கினார். ஆவணியில் ஒரு நாள் ஆலங்குளம் தாண்டும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள், உதடு நீலமாகிக்கொண்டு வந்தது, பஸ்ஸை நிறுத்தி ஆம்புலன்ஸ் வருகிறவரை அவள் கண் நயினாரைவிட்டு விலகவில்லை. அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். அவர் பக்கத்தில் இருக்கிறார் என்கிற தைரியம்தான் அதில் இருந்தது. அந்தக் கண்ணை இன்றுவரை அவரால் நேராக நினைக்க முடியவில்லை, நினைவு அதன் ஓரமாக வந்து ஒதுங்கிப் போய்விடுகிறது. ஒரு தரம் கல் விளைந்த இடம், மறுபடி விளையாது என்று என்ன நிச்சயம். ஒன்று புள்ளி ஏழு. தான் பழக்கிவிட்ட பழக்கம்தான் அங்கே போய் வேலை காட்டுகிறதோ.

சுளகு நிறைந்துவிட்டது. அலசி, அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரைப் பானையில் ஊற்றி, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, சீரகமும் இரண்டு மிளகாய் வற்றலும் கிள்ளிப் போட்டு, அது கொதித்து நுரைக்கிறபோது கீரையை அள்ளிப் போட்டார். மூடக்கூடாது, மூடினால் நிறம் செத்துவிடும் என்று உலகம்மாள் சொல்லியிருக்கிறாள். போட்ட நொடியில் இலை பளீரென்று இன்னும் பச்சையாயிற்று. வெந்துபோக வேண்டியது, வெந்நீர் பட்டதும் உயிர் வந்த மாதிரி நிறம் கூடியது. பிறகு அந்த நிறம் மெல்ல இலையைவிட்டுக் கிளம்பித் தண்ணீருக்குள் இறங்கியது. ஆறு வருஷம் இந்த இடத்தில்தான் கைப்பிடித்துணியை எடுத்துப் பானையைச் சரிப்பார். கை அதுவாகவே கைப்பிடித்துணிக்குப் போயிற்று. நிறுத்திக்கொண்டார். இந்த வாசனைக்குத்தானே ஒரு காலத்தில் எழுந்து ஓடினோம், இன்றைக்கு வாயில் நீர் ஊறுகிறதே என்று இருந்தது. மண்ணில் கிடந்ததை வேர் எடுத்து, வேர் எடுத்ததை இலை வாங்கி, இலை வாங்கியதைத் தண்ணீர் வாங்கி, தண்ணீர் வாங்கியதை இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் வாங்கி, அவளுக்குள்ளே இருக்கிற இவருடைய ஒரு கைப்பிடிச் சதை அதை நிறுத்துப் பார்த்து, வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை அனுப்பும். ஒருவருக்கும் சம்பளம் இல்லை, மேஸ்திரி இல்லை. முப்பது வருஷம் மோட்டாரைப் பிரித்துப் பூட்டியவருக்கு இதை யார் பூட்டியது என்று தெரியவில்லை. தேங்காய்ப்பாலை ஊற்றி இறக்கினார். உலகம்மாள் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தாள். நாற்பத்தொன்பது வயது, மாத்திரையில் முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. பானைக்குள் எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "வடிக்கலல்லா?" என்றாள்.

"வடிக்கல. ரிப்போர்ட்டு வரட்டுமே உலகு, பொறவு சாப்பிடலாம்."

"வந்து கூடுதலா இருந்தா சாப்பிட விடுவியளா?"

நயினார் கரண்டியை எடுத்துச் சாற்றைக் கிளறினார்.

"அதான். டாக்டரே திங்கலாம்னுட்டாரு. இப்பமே போடுங்க" என்று சொல்லித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவர் தட்டில் சோறு வைத்து, டம்ளரில் சாற்றை ஊற்றிக் கொடுத்தார். அவள் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி முதலில் மோந்து பார்த்தாள். பிறகு ஒரு மடக்கு. கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு மடக்கு. அவள் மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது. நயினார் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷி கீரைத்தண்ணீர் குடிக்கிறாள், ஊரில் எத்தனையோ வீட்டில் இந்நேரம் எத்தனையோ பேர் செய்கிற காரியம்தான். ஆனால் அவருக்கு அப்போது கோயில் நடை திறந்து தீபாராதனை காட்டுகிறபோது வருகிற மாதிரி நெஞ்சு விம்மியது. அவள் சோற்றில் கீரையை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள். மென்றாள். அடுத்த கவளம். கண்ணோரத்தில் நீர் வழிந்தது, அதைத் துடைக்க நேரம் இல்லாதவள் போல அடுத்த கவளம். அந்த நீரைப் பார்த்ததும், ஒரு வாரமாக, இல்லை, இரண்டு வருஷமாக உள்ளே கிடந்தது நயினார் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

"அந்தக் கல்லு இருந்துதுல்லா, அது நான் தின்ன கீரையாலதான் வந்துச்சு."

அவள் கை நின்றது. "நீங்களா? கீரையா?"

"மாசியிலருந்து. மெஸ்ஸுல. ரெண்டு வேளையும்."

"எதுக்கு?"

"அது ஒன்கிட்ட வரப்போவுதுல்லா. ஒனக்குப் புடிச்சது அதுக்குப் பழகட்டும்னு. டாக்டர் கேட்டப்போ சொல்ல பயமாயிட்டு. நீ வேற தல தெறிக்க ஓடுவாகன்னுட்ட. ஆலங்குளத்துல நீ மூச்சு முட்டுனது எல்லாம் என்னாலதான்."

மதிலுக்கு அந்தப் பக்கம் மரகதத்தக்கா குழாயடியில் குடம் வைக்கிற ஓசை கேட்டது. உலகம்மாள் அவரைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்துகொண்டு வந்தது. "மூணு மாசம்" என்றாள். "மூணு மாசம் என்னய அந்த பஸ்ஸுல ஏத்தி எறக்குனியளே." நயினார் தலையைக் குனிந்துகொண்டார். ஏசினால் நன்றாக இருக்கும், கையிலிருக்கிற டம்ளரை எடுத்து எறிந்தாலும் நல்லதுதான் என்று தோன்றியது. அவள் எறியவில்லை. இடது கையை எடுத்து வலது அடிவயிற்றில் வைத்தாள். அங்கேதான் தோலுக்குக் கீழே அது இருக்கிறது, கை வைத்தால் லேசாக மேடு தட்டும். குனிந்து அந்த இடத்தைப் பார்த்து, "கேட்டியாளா ஒங்கப்பா சொல்லுதத" என்றாள். அதற்குள் அலமாரியில் போன் அடித்தது. மணி பதினொன்றாகவில்லை, பத்தே முக்கால்தான். நயினார் எழுந்து போய் எடுத்தார். லேப் பெண், உலகம்மாளின் பெயரைச் சொல்லி, வயதைச் சொல்லி, ரிப்போர்ட் நம்பரைச் சொல்லி, அதன் பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். சரிம்மா, சரிம்மா என்று போனை வைத்தார். திரும்பி நின்று உலகம்மாளிடம் ஒரு விரலைக் காட்டினார். பிறகு இரண்டு விரலைக் காட்டினார்.

"ஒண்ணு புள்ளி ரெண்டா?"

தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே அழுதார். அவள் தட்டில் மிஞ்சியிருந்ததை வழித்து வாயில் போட்டு மென்று முழுங்கினாள்.

"கோவம் அப்படியேதான் இருக்கு" என்றாள். தட்டை அவர் பக்கமாக நகர்த்தினாள். "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."